சுவர்க்கோழிக்கு மருந்து அடிப்பதற்கு முன்: நம் நகர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் அண்ணனுக்கும், கூட்டத்தில் கைதூக்கிய எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டுக்கு 500 ரூபாய் வசூலித்து, நகர் முழுக்கச் சுவர்க்கோழிப் பூச்சிக்கு மருந்து அடிப்பது என்று போன ஞாயிற்றுக்கிழமை முடிவானதாம். அன்று எனக்கு ஷிப்ட், வர முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தயவுசெய்து அதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

தொந்தரவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து எங்கள் வீட்டிலும் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. கேழ்வரகு டிரம்முக்குப் பின்னால் ஒன்று உட்கார்ந்துகொண்டு விடிய விடியக் கத்துகிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தால் கப்பென்று நின்றுவிடும். திரும்பி வந்து படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். அதன் பின்பக்கம் மெல்லிய மயிர் அடர்ந்த இரண்டு நீட்சிகள் உண்டு; நாம் நடக்கும்போது அசையும் காற்றே அதற்குப் போதும்.

போன வாரம் பீரோவின் அடித்தட்டிலிருந்து அம்மாவின் முகூர்த்தப் புடவையை எடுத்தோம். முந்தானையில் பழைய பாயசக் கறை ஒன்று, துவைத்தும் போகாதது. அந்தக் கறையைச் சுற்றி மட்டும் அரிசி அளவில் நாலைந்து ஓட்டைகள். மற்ற இடமெல்லாம் அப்படியே இருந்தது. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட துணியைத்தான் சுவர்க்கோழி அதிகம் தேடிக் கடிக்கும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. புடவையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆக, கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் கத்துவது ஆண் பூச்சி மட்டும்தான், இறக்கைகளை ஒன்றோடொன்று உரசி. பெண் பூச்சி சத்தமே போடாமல், ஊசி மாதிரியான குழலை ஈர மண்ணில் செருகி முட்டையிடுகிறது. தன் ஆயுளில் நூற்றுக்கணக்கில் இடும். மேலே தெளிக்கிற மருந்து மண்ணுக்குள் இருக்கும் முட்டைவரை போகாது. சில நாள் சத்தம் அடங்கும். அப்புறம் அடுத்த ஈடு வெளியே வந்ததும் இன்னொரு 500 ரூபாயா?

இன்னொன்று. நம் நகரில் பத்து வீட்டிலாவது நாட்டுக்கோழி வளர்க்கிறோம். மருந்து பட்டுத் தள்ளாடுகிற பூச்சியைத்தான் கோழி முதலில் கொத்தும். அந்தக் கோழியின் முட்டையை நம் பிள்ளைகளுக்குத்தான் அவித்துக் கொடுக்கிறோம். கூட்டத்தில் இதை யாராவது பேசினீர்களா?

இந்தப் பூச்சிகளை உள்ளே கூப்பிட்டது நாம்தான். நம் நகர் மாந்தோப்பாக இருந்த இடம். கிருஷ்ணகிரியில் இப்படிப் பிளாட்டான தோப்புகள் எத்தனையோ. வெட்டிய கிளைகளும், வீடு கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக்கும், தேங்காய் மட்டையும் இன்னும் காம்பவுண்டு ஓரத்தில் குவிந்து கிடக்கின்றன. பகலெல்லாம் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் எது? இரவில் கேட்டிலுள்ள பெரிய வெள்ளை விளக்கு கூப்பிடுகிறது. வெள்ளை வெளிச்சத்துக்கு வருகிற அளவு பூச்சிகள் மஞ்சள் வெளிச்சத்துக்கு வருவதில்லை. நேற்று இரவு எட்டு மணிக்கு நின்று எண்ணிப் பார்த்தேன். கேட் விளக்கடியில் 37. பிள்ளையார் கோயில் மஞ்சள் பல்புக்கு அடியில் 4.

வசூலிக்கும் பணத்தில் ஒரு டிராக்டர் வைத்து அந்தக் குவியலை அள்ளிவிடலாம். காலி மனைகளில் இடுப்பளவு நிற்கும் புல்லை அறுத்துவிடலாம். குழாய் ஒழுகி எப்போதும் ஈரமாகவே கிடக்கும் மூன்றாவது தெரு முனையைச் சரிசெய்யலாம். வீடுகளில் கதவடி இடுக்குக்கு ரப்பர் பட்டை ஒட்டுவதை அவரவர் பார்த்துக்கொள்வோம். இவ்வளவும் செய்து ஒரு மாதம் பார்ப்போம். அப்போதும் குறையவில்லை என்றால் நானே வந்து 500 ரூபாய் தருகிறேன்.

வரும் ஞாயிறு எனக்கு விடுமுறை. காலை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு காம்பவுண்டு ஓரம் இருப்பேன். கேட்டுக்கு மஞ்சள் பல்பை வாங்கி வைத்துவிட்டேன். உயரமான ஏணி யார் வீட்டில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாவது தெருவிலிருந்து உங்களில் ஒருவன்