பதிவுக் கொப்பியில் இருக்கும் பெயர்கள்

திருகோணமலை மறைமாவட்டத்தில் செபக்குழுக்களையும் தியானங்களையும் நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்!

சென்ற வருடத் தவக்கால தியானத்தில் வாசலில் மேசை போட்டுப் பெயர் பதிந்தவர்களில் நானும் ஒருத்தி. எண்பது பக்கக் கொப்பி, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு நான்கு நிரல்: பெயர், ஊர், பங்கு, போன் நம்பர். மூன்றாம் நாள் இரவு நற்கருணை ஆசீர் முடிந்தது. கதிரைகளை அடுக்கினோம், பாய்களைச் சுருட்டினோம், ஒலிபெருக்கிக்காரருக்குக் காசு கொடுத்து அனுப்பினோம். எல்லாரும் களைப்போடும் சந்தோஷத்தோடும் வீட்டுக்குப் போனோம்.

ஆறு மாதம் கழித்துப் பாட்டுப் புத்தகம் தேடி ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தபோது அடியில் அந்தக் கொப்பி கிடந்தது. எண்ணிப் பார்த்தேன். 137 பெயர்கள். ஒரு பெயருக்குப் பக்கத்தில்கூட ஒரு சரி அடையாளம் இல்லை, ஒரு குறிப்பு இல்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு எடுத்து வந்து, சமையல் முடிந்த பின்னேரங்களில் ஒவ்வொரு நம்பராக அழைக்கத் தொடங்கினேன். சில நம்பர்கள் பாவனையில் இல்லை. சிலர் எந்தத் தியானம் என்று யோசித்துத்தான் சொன்னார்கள். ஆனால் நிலாவெளிப் பக்கம் ஒரு பெண் நான் பெயர் சொன்னதுமே அழத் தொடங்கிவிட்டார். காணித் துண்டு ஒன்றால் அவரும் அவருடைய தங்கையும் பதினொரு வருடமாகப் பேச்சு இல்லை. தியானத்தின் இரண்டாம் நாள் மன்னிப்பைப் பற்றிய போதனை கேட்டு, தங்கை வீட்டுக்குப் போவதென்று முடிவெடுத்திருக்கிறார். "தனியப் போகப் பயமா இருந்தது அக்கா. ஆராவது ஒராள் என்னோட வந்திருந்தா அண்டைக்கே போயிருப்பன். பிறகு நாள் போகப் போக மனம் இறுகிப் போச்சு" என்றார்.

இந்த மடலை எழுத வைத்தது அந்த ஒரு பேச்சுத்தான்.

தூய ஆவியின் கொடைகளை வேண்டிக் கூடிச் செபிக்கும் இந்த அருங்கொடை மறுமலர்ச்சி இயக்கத்துக்கு வெளியே நின்று குறை சொல்பவள் அல்ல நான். சுனாமிக்கு அடுத்த வருடம், கோயிலுக்குப் போவதையே விட்டிருந்த என்னைப் பாலையூற்றில் ஒரு வீட்டு முற்றத்து செபக்கூட்டம்தான் திரும்பக் கொண்டுவந்தது. மைக் இல்லை, மேடை இல்லை. ஏழெட்டுப் பேர், ஒரு மெழுகுதிரி, கடைசியில் பிளேன்டீ. மூன்று கிழமை நான் வாயே திறக்கவில்லை. நான்காம் கிழமை போகாமல் இருந்தபோது, கூட்டம் நடத்திய அக்கா அடுத்த நாள் காலையில் வாசலில் வந்து நின்றார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. முருங்கைக்காய் கொண்டு வந்திருந்தார், தந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு கிழமைகூட நான் தவறவிட்டதில்லை. தூய ஆவியானவர் என் வாழ்வில் வந்த விதத்தைச் சாட்சியமாகச் சொல் என்று கேட்டால் அந்த முருங்கைக்காயிலிருந்துதான் தொடங்குவேன்.

நம் மறுமலர்ச்சியின் தொடக்கமும் அப்படித்தான் இருந்தது. 1967 பெப்ரவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரில், டுக்கேன் பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் சிலர் ஒரு வார இறுதித் தியானத்துக்குப் போனார்கள். இரண்டு டசின் பேர் அளவுதான். அவர்கள் அரங்கம் நிரப்பவில்லை. பெற்றதை ஒருவர் மற்றவருக்குச் சொல்லி, வீடுகளில் கூடிச் செபித்தார்கள். அது உலகம் முழுவதும் பரவி எங்கள் தெரு முனைக்கும் வந்து சேர்ந்தது. 2019 தூய ஆவியார் பெருவிழாவில் திருத்தந்தை பிரான்சிஸின் விருப்பப்படி இந்த மறுமலர்ச்சிக் குழுக்கள் எல்லாவற்றுக்குமான காரிஸ் என்ற பொதுப் பணியமைப்பு தொடங்கியபோதும் அவர் கேட்டவை மூன்றுதான்: ஆவியில் திருமுழுக்கு என்ற, தூய ஆவியால் புதிதாக நிரப்பப்படும் அனுபவத்தை எல்லாரோடும் பகிருங்கள், கிறிஸ்தவர் ஒன்றிப்புக்கு உழையுங்கள், ஏழைகளுக்குப் பணி செய்யுங்கள். இந்த மூன்றையும் ஆளுக்கு ஆள் முகம் பார்த்துத்தான் செய்ய முடியும்.

மாற்கு நற்செய்தி மூன்றாம் அதிகாரத்தில் ஆண்டவர் பன்னிருவரை நியமிக்கிற இடத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். போதிக்க அனுப்புவதும் பேய் ஓட்டும் அதிகாரமும் பின்னால்தான் வருகின்றன. முதலில் எழுதியிருப்பது, தம்மோடு இருப்பதற்கு. சீடத்துவம் என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். கூட இருத்தல். நாம் அந்த முதல் வரியைத் தாண்டி நேரே இரண்டாவதற்குப் போய்விட்டோமோ என்று பயமாக இருக்கிறது.

திருத்தூதர் பணிகள் 2:42இல் முதல் கிறிஸ்தவர்கள் நிலைத்து நின்றவற்றுள் ஒன்றை நம் பொது மொழிபெயர்ப்பு 'நட்புறவு' என்கிறது. மெதடிஸ்த சபையில் இருக்கும் என் சிநேகிதியின் பழைய வேதாகமத்தில் அதே இடத்தில் 'அந்நியோந்நியம்' என்று இருக்கிறது. அந்தச் சொல்லை வாசித்து அப்படியே இருந்துவிட்டேன். நாம் புருஷன் பெண்சாதிக்கும் உயிர்ச் சிநேகிதருக்கும் சொல்கிற சொல் அல்லவா அது! நம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எனக்கு முன்னால் இரண்டு வருடமாக உட்காரும் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. அவருடைய பின்னல் மட்டும் தெரியும்.

ஏன் நம் ஆட்கள் மனம் திறப்பதில்லை என்பதற்கும் ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் மகன் ஒரு சிக்கலில் இருந்தான். ஒரு குழுவின் பொறுப்பாளரிடம் தனியாகச் சொல்லி, செபிக்கக் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் அவர் மைக்கில் மன்றாடினார். பெயர் சொல்லவில்லை. ஆனால் வயது, வேலை, தெரு எல்லாம் வந்தது. திருகோணமலை என்ன பெரிய பட்டணமா? ஞாயிறு பூசைக்கு முன்னரே மீன் சந்தை வரைக்கும் கதை போய்விட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். அவரை மன்னித்தும்விட்டேன். ஆனால் என் மகன் அதற்குப் பிறகு எந்தச் செபக்கூட்டத்துக்கும் வரவில்லை. குழுவில் பேசுவது குழுவைத் தாண்டாது என்ற ஒரு வாக்குறுதியை, ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். செபத் தேவை என்ற பெயரில்கூட ஒருவரின் கதையை இன்னொருவருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இந்த ஊரில் சொல்லப்படாமல் கிடக்கும் துயரம் கொஞ்சமல்ல. 1990 போரில் இழந்தவர்கள், 2004 சுனாமியில் இழந்தவர்கள், 2006 போரில் மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் கையில் கிடைத்ததோடு ஓடியவர்கள் எல்லாரும் நம்மோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து கைதட்டிப் பாடுகிறார்கள். பாட்டு நல்லதுதான், நானும் பாடுகிறவள்தான். ஆனால் சில காரியங்களை ஆறேழு பேர் முன்னால், அவசரமில்லாத ஒரு பின்னேரத்தில் மட்டுமே மனிதரால் சொல்ல முடியும்.

மற்றவர்கள் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மெதடிஸ்த சபைக்கு வழிவகுத்த ஜோன் வெஸ்லியின் ஆட்கள் 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கோயில் கட்டிய கடனை அடைக்க ஒரு வழி கண்டார்கள்: பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு, கிழமைக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் ஆளுக்கு ஒரு பென்னி வாங்க வேண்டும். காசு வாங்கப் போனவர்கள்தான் எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் சண்டை, யார் மனம் சோர்ந்து போயிருக்கிறார் என்று கண்டுவந்து சொன்னார்கள். அதிலிருந்துதான் மெதடிஸ்தரின் வகுப்புக் கூட்டம் என்ற சிறு குழு பிறந்தது. கத்தோலிக்கரிடமும் உண்டு. 1940களில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் பொதுநிலையினர் தொடங்கிய குர்சில்யோ என்ற இயக்கத்தில் தியானம் மூன்று நாள். அதன் பிறகு வரும் வாழ்நாள் முழுவதையும் அவர்கள் நான்காம் நாள் என்கிறார்கள். அந்த நான்காம் நாளுக்காகவே சிறு குழுவாகக் கிழமைதோறும் கூடி, செபம், படிப்பு, பணி மூன்றிலும் எப்படி இருந்தேன் என்று ஒருவருக்கொருவர் சொல்கிறார்கள். நமக்கு மூன்று நாளும் நன்றாக நடக்கிறது. நான்காம் நாள்தான் இல்லை.

ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருக்கடலூர்ப் பக்கத்துத் தொழிலாளிகள் வருவதில்லை என்று எத்தனை கூட்டத்தில் கவலைப்பட்டிருக்கிறோம்! வெள்ளி மாலை ஐந்தரைக்குக் கூட்டம் வைத்தால் அவர்கள் எப்படி வருவார்கள்? வள்ளம் தள்ளுகிற நேரம் அது. நிலாக் காலத்தில் இரவு வலைக்காரர் பலர் வீட்டில்தான் இருக்கிறார்கள். வாடைக்காற்று மாதங்களில் கடல் கொந்தளிக்கும்போது தொழிலே இருக்காது. கடனும் குடியும் வீட்டுக்குள் வருகிற காலம் அதுதான். அந்த மாதங்களில், கரையிலேயே, வலை பொத்துகிற இடத்திலேயே நான்கு பேரோடு உட்கார ஒரு அண்ணா போதும். கலிலேயாக் கரையில் ஆண்டவர் செய்தது வேறென்ன?

அப்புறம், பொறுப்பைப் பற்றி. இதை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, உங்களில் பலர் எனக்குச் செபிக்கக் கற்றுத் தந்தவர்கள். ஆனாலும் ஒரே ஆள் இருபது வருடம் முன்னால் நின்றால் பின்னால் வருகிறவர் எப்படி வளர்வார்? 2021 ஜூனில் வத்திக்கானின் பொதுநிலையினருக்கான திருப்பீடத்துறை, சர்வதேசப் பொதுநிலையினர் அமைப்புகளின் தலைமைக்கு ஒரு தவணை ஐந்து வருடம், தொடர்ந்து பத்து வருடத்துக்கு மேல் பொதுவாகக் கூடாது என்று விதித்தது. அந்தச் சட்டம் நம் செபக்குழுக்களைக் கட்டுப்படுத்தாது, சரி. ஆனால் அதன் காரணம் நமக்கும் பொருந்தும். பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலை யாரும் நம்பாத நேரத்தில் பர்னபா கையைப் பிடித்துத் திருத்தூதரிடம் கூட்டிப் போனார், பிறகு தர்சு வரை தேடிப் போய் அழைத்து வந்தார். கொஞ்சக் காலத்தில் பர்னபாவின் பெயர் பின்னுக்குப் போய்ப் பவுலின் பெயர் முன்னுக்கு வந்துவிட்டது. பர்னபா அதற்காக முகம் சுளித்ததாக எங்கும் எழுதியில்லை.

நான் கேட்பது இதுதான். வருகிற தியானத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் ஒழுங்கு செய்வதற்கு முன், ஆறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் கூட நடக்கிறவர்களைத் தேடுங்கள். பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள். பெரிய போதகராக இருக்கத் தேவையில்லை, நாக்கை அடக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். பங்குத்தந்தையிடம் சொல்லி, பங்கில் அயல் வீட்டார் கூடும் அன்பியத்தோடு சேர்த்தே இந்தக் குழுக்களை அமையுங்கள். இல்லாவிட்டால் அங்கே ஒரு கூட்டம், இங்கே ஒரு கூட்டம் என்று போட்டியாகிவிடும். இத்தனை பேர் கிடைக்கவில்லை என்றால் தியானத்தை மூன்று மாதம் தள்ளி வையுங்கள். 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமான பிறகு நாம் சின்னக் குடும்பம்தானே. பெயர் தெரியாத ஆள் என்று ஒருவர்கூட நமக்குள் இருக்க வேண்டியதில்லை.

நிலாவெளிப் பெண்ணோடு போன மாதம் நான் தங்கை வீட்டுக்குப் போனேன். படலையில் பத்து நிமிடம் நின்றோம். தங்கை வெளியே வந்து முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். "வெயிலுக்குள்ள நிக்காம உள்ள வாங்கோ" என்றார். காணியைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அதற்கு இன்னும் பல தடவை போக வேண்டியிருக்கும்.

கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. 41 பேரோடு பேசிவிட்டேன், 19 நம்பர் வேலை செய்யவில்லை, மிச்சம் 77 பெயர். வியாழக்கிழமைகளில் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். உங்களில் யார் வந்தாலும் ஆளுக்குப் பத்துப் பெயர் எழுதித் தருகிறேன்.

கிறிஸ்துவில் உங்கள் சகோதரி,
பாலையூற்றிலிருந்து ஒரு செபக்குழு உறுப்பினர்