பெரிய பிரேக் மாட்டும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் போட்ட கையோடு பிக் பிரேக் கிட்டும் (பெரிய பிரேக் பாகங்களின் தொகுப்பு) மாட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். டயரின் விட்டமும் எடையும் ஏறினால் பிரேக்குக்கு வேலை அதிகம் என்பது உண்மை. பாரத்தோடு நீண்ட மலை இறக்கத்தில் வரும்போது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூடேறி, பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி கேட்காமல் போகும். பெரிய டிஸ்க் அந்த வெப்பத்தைத் தாங்கும், அங்கே அதற்குக் கொடுக்கும் காசு தகும். ஆனால் ஒரே ஒரு முறை சடன் பிரேக் போட்டால் வண்டி எங்கே நிற்கும் என்பதைப் பெரும்பாலும் டயரின் பிடிமானம்தான் தீர்மானிக்கும்.

பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன்களுடைய மொத்தப் பரப்பு கூடினால், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரோடு பெடல் இன்னும் ஆழமாகப் போகும். முன்பக்கத்தை மட்டும் வலுவாக்கினால் முன்பின் சமநிலை குலையும், மண் சரிவில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் பயனில்லை. ரிம்முக்கும் காலிப்பருக்கும் இடைவெளி குறைந்தால் சிறு கல் சிக்கி ரிம்மின் உட்புறத்தை வட்டமாக அறுத்துவிடும். விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

முதலில் நல்ல பேட், புது பிரேக் ஆயில் போட்டுப் பாருங்கள். டாட் 4 என்ற தர வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது, ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பே 155தான். அப்புறமும் போதவில்லையா, சரி, கிட் வாங்கலாம். உங்கள் வாகனப் பக்கத்தில் புதுக் கிட் படங்களோடு இந்த விஷயங்களையும் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்