கம்யூனிட்டி காலேஜில் சேரும் முன் ஒரு நிமிடம்

வணக்கம். அமெரிக்காவில் கம்யூனிட்டி டெக்னிக்கல் காலேஜில் (தொழில் சான்றிதழும் இரண்டு வருடப் பட்டமும் தரும் கல்லூரி) சேர யோசிப்பவர்களுக்காக நம் குழுவில் இதை எழுதுகிறேன்.

வெல்டிங், ஏசி பழுதுபார்ப்பு, மெடிக்கல் அசிஸ்டென்ட் போன்ற சான்றிதழ்களில் பல ஒரு வருடத்துக்குள் முடியும். அசோசியேட் பட்டத்துக்கு (நான்கு வருடப் பட்டத்துக்குக் கீழான பட்டம்) செமஸ்டர் முறையில் சுமார் 60 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைக்கும் மதிப்பு அலகு) வேண்டும்; முழுநேரம் படித்தால் இரண்டு வருடம். சான்றிதழில் வாங்கும் கிரெடிட் பிறகு பட்டத்தில் சேருமா? இதைப் பணம் கட்டும் முன்பே ஆலோசகரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘நான்-கிரெடிட்’, அதாவது கிரெடிட் தராத வகுப்பு என்றால் பெரும்பாலும் சேராது. பின்னால் நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தொழில் சார்ந்த ‘அப்ளைட் சயின்ஸ்’ அசோசியேட் பட்டத்தின் கிரெடிட்டுகளில் ஒரு பகுதியை மட்டுமே பல பல்கலைக்கழகங்கள் ஏற்கும்.

அப்புறம் பணம். ஃபாஃப்ஸா (அமெரிக்க அரசின் கல்வி நிதியுதவிக்கான விண்ணப்பம்) படிவத்துக்குக் கட்டணமே கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தப் படிவம் வழியாகக் கிடைக்கும் அரசு உதவித்தொகையான பெல் கிராண்ட் கடன் அல்ல, பொதுவாகத் திருப்பிக் கட்ட வேண்டாம். 2024-25 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். கிரீன் கார்டு உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது), எஃப்-1 (மாணவர்களுக்கானது) விசாவில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது.

பெரும்பாலான கல்லூரிகளில் இலவச ட்யூட்டரிங் உண்டு. ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று கூச்சப்பட்டு ஒதுங்காதீர்கள், முதல் வாரமே போய்ப் பெயர் கொடுங்கள். படிவத்தில் எந்த இடத்திலாவது குழப்பம் என்றால் இங்கேயே கேளுங்கள், சேர்ந்து பார்க்கலாம். உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை (அரசு தரும் தனிநபர் எண்) மட்டும் குழுவில் போட்டுவிடாதீர்கள்.