எண்ணும் தேதியும் இல்லாத உத்தரவு சட்டமாகாது

வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் கோப்புகளைப் பார்க்கும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு மேலிருந்து உத்தரவிடும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

என் சித்தியின் விண்ணப்பம் எதற்காக நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். சித்தப்பாவின் இறப்புச் சான்று கொடுத்தாயிற்று, குடும்ப அட்டை கொடுத்தாயிற்று, கிராம நிர்வாக அலுவலர் விசாரணையும் முடிந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் இருவர் தங்கள் வீட்டு வரி ரசீதின் நகலோடு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி என்கிறீர்கள். எந்த அரசாணையில் இருக்கிறது என்று கேட்டேன். "எழுத்துல ஒண்ணும் இல்லை. மீட்டிங்ல சொன்னாங்க, இப்ப அப்படித்தான் வாங்கணும்" என்று பதில் வந்தது. நான் கேட்பது இவ்வளவுதான்: அந்த உத்தரவை எண்ணோடும் தேதியோடும் எழுத்தில் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் அதைக் கேட்காதீர்கள்.

ஒரு நகல்தானே என்று தோன்றலாம். சித்தி அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில், வேலை செய்பவர். போகாத நாளுக்குக் கூலி இல்லை. கிழக்கு வீட்டாரோடு வழித் தகராறு, பேச்சுவார்த்தை நின்று வருஷங்கள் ஆகின்றன. மேற்கு வீட்டுக்காரர்கள் வளைகுடாவில், வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதி இருப்பது எதிர்வீடு. அந்த அண்ணன் நல்லவர், கையெழுத்துக்கு உடனே சம்மதித்தார். வரி ரசீது என்றதும்தான் முகம் மாறியது. "எதுக்கு எங்க ரசீது? நாளைக்கு எங்க வீட்டு மேல ஏதாவது வந்துட்டா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பயம் நம் ஊரில் யாருக்கும் வரும். அண்டிக் கறை ஏறிய விரல்களை முந்தானையில் சுற்றிக்கொண்டு சித்தி அவர் வாசலில் பதில் இல்லாமல் நின்றார். எதற்கு என்று அவருக்கும் தெரியாதே! புருஷன் செத்துப்போனதைச் சொல்லி அடுத்தவர் வீட்டுக் காகிதத்துக்குக் கெஞ்ச வேண்டிய நிலையில் அவரை நிறுத்தியது எந்தச் சட்டம்?

இந்தக் கேள்விக்கு நம் உச்ச நீதிமன்றம் 1951-லேயே பதில் சொல்லிவிட்டது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சரவை 1923 டிசம்பரில் ஒரு தீர்மானம் போட்டு அபினிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அது எங்கும் வெளியிடப்படவில்லை, அரசிதழிலும் வரவில்லை. பிற்பாடு அதன்கீழ் ஹர்லா என்பவரைத் தண்டித்தார்கள். நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு அந்தத் தண்டனையை ரத்து செய்தது. மக்கள் நுழைய முடியாத அறைக்குள் எடுத்த முடிவு, வெளியே யாருக்கும் சொல்லப்படாமலே அவர்கள் உயிரையும் உடைமையையும் தொடும் என்பதை நாகரிகமுள்ள மனிதன் ஏற்க மாட்டான் என்பது அதன் சாரம். உங்கள் மீட்டிங் நடந்த அறையும் அப்படிப்பட்ட அறைதானே ஐயா?

சட்டம் எது என்று தத்துவம் பேசியவர்களுக்குள் பெரிய சண்டை உண்டு. ஜான் ஆஸ்டின் 1832-ல், தண்டிக்கும் வலிமையுள்ள இறையாண்மையின் கட்டளைதான் சட்டம் என்றார். அப்படியானால் துப்பாக்கியை நீட்டிப் பணம் கேட்பவன் சொல்வதற்கும் சட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று 1961-ல் ஹார்ட் மடக்கினார். கட்டளையிடுபவருக்கு அந்த அதிகாரம் எந்த விதியிலிருந்து வருகிறது என்று காட்ட முடிய வேண்டும் என்பது அவர் வாதம். அவரோடு மல்லுக்கு நின்ற லான் ஃபுல்லர், 1964-ல் விதிகளுக்கு எட்டு நிபந்தனைகள் வைத்தார். அவற்றில் ஒன்று, விதி வெளியிடப்பட வேண்டும் என்பது. வேறு எதில் முட்டிக்கொண்டாலும், கேட்டால் காட்ட முடியாத ஒரு வாய்ச்சொல் சித்தியைக் கட்டுப்படுத்தும் என்று ஹார்ட், ஃபுல்லர் இருவர் நூலிலிருந்தும் வாதாட முடியாது.

கடுமையான விதி என்பதால் குமரி மக்கள் எதிர்ப்பதில்லை. மீன்பிடித் தடைக்காலம் என்று ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குள் போகாது. சின்னமுட்டம் துறைமுகம் இருக்கும் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 61 நாள் வருமானம் போகிறது, அடுப்பு எரிவதே பெரும்பாடு. ஆனாலும் தேதி முன்கூட்டியே தெரியும், எல்லாப் படகுக்கும் ஒரே விதி. அதனால் படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கிறார்கள், நிவாரணம் போதாது என்று கேட்கவும் செய்கிறார்கள். கேட்பதற்கு அங்கே ஒரு ஆணை கண்முன் இருக்கிறது.

வெளியிட்டுவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் தோள்சீலை அணியக் கூடாது என்று 1829-ல் திருவிதாங்கூர் அரசு அறிவித்தது வெளிப்படையான ஆணைதான். நம் முன்னோர் அதற்குப் பணியாமல் அடிபட்டார்கள், 1859-ல் அரசே வேறு அறிவிப்பு வெளியிட்டுத் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. எழுதி அறிவித்த அநீதியையே எதிர்த்த மண்ணில், எழுதாத ஒன்றுக்குத் தலையாட்டச் சொல்கிறீர்கள். சான்றிதழுக்கு மட்டும் இல்லை, பட்டா மாற்றத்துக்குப் போனாலும், முதியோர் உதவித்தொகைக்குப் போனாலும் "இப்ப அப்படித்தான்" என்ற அதே வாசகம். மேசைக்கு மேசை விதி மாறினால் ஏழை எதைப் படித்துத் தெரிந்துகொள்வார்? யாரிடம் மேல்முறையீடு செய்வார்?

கோபத்தில் நீட்டிவிட்டேன். போலி வாரிசுகள் சான்றிதழ் வாங்கிவிடக் கூடாது என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்கு அக்கம்பக்கத்தார் சாட்சி அவசியம் என்றால் உத்தரவாக எழுதுங்கள். ரசீது எதற்கு, அதை யார் வைத்திருப்பார்கள், ரசீது தர ஆளில்லாதவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதிலேயே சொல்லுங்கள். ஊழியர்கள் பயன்படுத்தும் விதிகளையும் அறிவுறுத்தல்களையும் தாமாகவே வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4, அலுவலகங்களுக்குக் கடமை வைத்திருக்கிறது.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த உத்தரவு இருந்தால் எண், தேதியோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், எனக்கும் ஒரு நகல் தாருங்கள். அதில் குறை இருந்தால் கோட்டாட்சியரிடம் முறையிட்டுக்கொள்கிறேன். உத்தரவு இல்லையென்றால், ஏற்கெனவே கொடுத்த ஆவணங்களை வைத்துச் சித்தியின் விண்ணப்பத்தை முடித்துக் கொடுங்கள். நிராகரிப்பதானாலும் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரரின் அக்காள் மகன்