வெள்ளையாக வந்த தலையங்கம்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். பத்து நாள் எதையும் படிக்கக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். காலையில் பேப்பர் வாசலில் விழும் சத்தம் கேட்டதும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். "மோந்து பார்க்கவா காசு கொடுத்து வாங்குறோம்?" என்றாள் கமலா.

"பேப்பர் பார்த்து யாரப்பா ஓட்டுப் போடுகிறார்கள்?" என்று நீ எழுதியிருந்ததைத்தான் அத்தனை நாளும் அசைபோட்டேன். நாம் ஹாஸ்டலில் இருந்த 1975 ஞாபகம் வந்தது. பிரதமர் இந்திரா காந்தி எமர்ஜென்சி (நெருக்கடி நிலை) கொண்டுவந்த ஜூன் 25 இரவு டில்லி பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் கரண்டை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகை ஆபீஸ்கள் வரிசையாக இருந்த தெரு அது. மறுநாள் பல பேப்பர்கள் வரவில்லை. அப்புறம் தணிக்கை. 28ஆம் தேதி இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்துக்கான இடத்தை வெள்ளையாகவே விட்டது. பம்பாய் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஒரு மரண அறிவிப்பு வந்தது, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: 'டி. ரூத்'தின் அன்புக் கணவர், 'எல்.ஐ. பெர்ட்டி'யின் தந்தை, 'டி.இ.எம். ஓக்ரசி' ஜூன் 26 அன்று காலமானார். பெயர்களை இங்கிலீஷில் சேர்த்துப் படித்துப் பார்: ட்ரூத், லிபர்ட்டி, டெமாக்ரசி. உண்மையின் கணவர், சுதந்திரத்தின் தந்தை, செத்தது ஜனநாயகம். காசு வாங்கிக்கொண்டு போட்ட சிறு விளம்பரம்!

நம் பக்கம் சூடு உறைத்தது 1976 ஜனவரி 31க்குப் பிறகுதான். தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள், கழகத்தவர்களைப் பிடித்துப் போட்டார்கள், யாரைப் பிடித்தார்கள் என்று அச்சிட முடியாது. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். சமாதிக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று தி.மு.க. பேப்பரான முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது. பிடித்துப் போட்டவர்களின் பெயர்கள்தான் அவை. உன் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 1977 தேர்தலில் வடக்கே காங்கிரஸ் அடியோடு சாய்ந்தது. இந்திராவே ரேபரேலியில் தோற்றார். பேப்பர் சொல்லியா? இல்லவே இல்லை. கட்டாயக் கருத்தடைக் கொடுமையெல்லாம் வாய்வழியாகவே ஊர் ஊராகப் போயிற்று. இங்கேயோ அ.தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணிதான் அள்ளியது. அந்த அளவில் நீ சொல்வது சரிதான். ஆனால் பேப்பரின் வாயை அடைத்ததில் ஏமாந்தது ஓட்டுப் போட்டவன் இல்லை. வெளியே என்ன நடக்கிறது என்று அந்த அம்மாவுக்கே தெரியாமல் போனது. தெரிந்திருந்தால் அந்த நேரத்தில் தேர்தலே வைத்திருக்க மாட்டார் என்பது என் வாதம். நீ சண்டைக்கு வருவாய், தெரியும்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு அங்கே வருகிறோம். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் அந்த முரசொலி கிடைத்தால் எடுத்து வை. கரையான் பிடிக்காமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

உன்
சுந்தரம்