புது வண்டிக்கு நீ போட்ட பட்டியல்

கண்ணா,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். வண்டி இன்னும் கைக்கே வரவில்லை, அதற்குள் இவ்வளவு சாமானா என்று அப்பாவுக்கு மலைப்பு, எனக்குச் சிரிப்பு. சின்ன எஸ்யூவி என்றாலே இப்படித்தான், கொஞ்சம் உயரமாக நிற்கிறது என்பதற்காகக் காட்டுக்கும் மலைக்கும் போகிற வண்டி மாதிரி அலங்கரிக்கத் தோன்றும். நீ ஓட்டப்போவது ஆபீசுக்கும் கடைக்கும், அப்புறம் எப்போதாவது ஒரு நீண்ட பயணம். அதனால் ஒரு மாதம் ஒன்றும் வாங்காமல் சும்மா ஓட்டு. டிக்கியில் எது உருள்கிறது, போனை எங்கே வைக்கக் கை போகிறது, எந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது என்பதெல்லாம் தெரிந்த பிறகு பார், பட்டியலில் பாதி தானாகக் கழன்றுவிடும்.

மேட் மட்டும் முதல் நாளே போடு. உன் மாடலுக்கென்று வெட்டிய மேட்டாக, தரையில் இருக்கும் கொக்கியில் மாட்டுகிற மாதிரி வாங்கு. பழைய மேட்டின் மேலேயே புது ரப்பர் மேட்டை விரிக்கிற வேலை வேண்டாம். அது நகர்ந்து ஆக்சிலரேட்டர் பெடல் அதன் ஓரத்தில் மாட்டிக்கொண்டால், அழுத்திய பெடல் மேலே வராது. நான் சும்மா பயமுறுத்துவதாக நினைக்காதே, 2009-இல் அமெரிக்காவில் இந்த அபாயத்துக்காகவே டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

சீட் கவர் விஷயத்தில் நிறம், தையல் எல்லாம் உன் இஷ்டம். ஆனால் சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று ஒரு சின்ன துணிப்பட்டை தைத்திருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் அந்தப் பக்கம் பிரிகிற மாதிரி தைத்த கவர்தான் வேண்டும், இறுக்கி மூடிய கவர் ஏர்பேக்கை நேரத்துக்கு வெளியே விடாது. அதே காரணத்துக்காக, பக்கத்து சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டில் பொம்மை, வாசனை பாட்டில் எதையும் ஒட்டாதே. ஏர்பேக் விரிகிற வேகத்தில் அது நேரே முகத்துக்கு வரும்.

வண்டிக்கு முன்னால் கட்டும் இரும்புக் கம்பித் தடுப்பை (கார்டு என்கிறார்களே, அதை) நான் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மன்னிக்க மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். வண்டியின் முன்பகுதி நசுங்குவதற்காகவே செய்தது. அது நசுங்கி அடியை வாங்கிக்கொண்டால்தான் உள்ளே இருப்பவர்களுக்கு அடி குறையும். அங்கே ஒரு இரும்புக் குழாயைக் கட்டினால் அடி வேறு வழியில் உள்ளே வரும், ஏர்பேக் சென்சாரும் குழம்பலாம், குறுக்கே வரும் மனிதர் மேல் பட்டால் சொல்லவே வேண்டாம்.

எல்.இ.டி. பல்பும் அப்படித்தான். உன் ஹெட்லைட் இழை எரிகிற ஹாலஜன் பல்புக்காகச் செய்தது என்றால், அதன் கண்ணாடிக்கிண்ணம் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வடிவமைத்தது. அதில் வேறு பல்பைச் சொருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும். உனக்கு ரோடு நன்றாகத் தெரிகிற மாதிரி இருக்கும், அது வேறு விஷயம்.

ரோட்டைப் பதிவு செய்கிற கேமரா, அந்த டேஷ்கேம், வாங்கு, அதற்கு நானும் ஓட்டுப் போடுகிறேன். வெயிலில் நிற்கும் வண்டி என்றால் உள்ளே லித்தியம் பேட்டரி இல்லாமல் கெபாசிட்டர் உள்ளதாகப் பார், சூட்டில் பேட்டரி உப்பிவிடும். வயரை வெட்டி ஒட்ட விடாதே, ஃபியூஸ் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல். முன் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணுக்குள்ளும் ஏர்பேக் இருக்கலாம், வயர் அதற்குப் பின்னால் போக வேண்டும், குறுக்கே போகக்கூடாது. நிறுத்தியிருக்கும்போதும் பதிவாக வேண்டுமென்றால், பேட்டரி இறங்கினால் தானே அணைந்துகொள்ளும் வசதி இருக்க வேண்டும், இல்லையென்றால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. எந்த வயர் வேலை செய்வதற்கு முன்னாலும் வாரண்டி போகுமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்.

ரூஃப் ரேக்? பெட்டி கட்ட வேண்டிய அன்று மாட்டு, மற்ற நாளில் கழற்று. சும்மா மேலே நின்றால் காற்றைத் தடுத்து சத்தம் போடும், மைலேஜையும் குறைக்கும். கூரை எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் போட்டிருக்கும், அந்த எடையில் ரேக்கின் எடையும் சேர்த்திதான். பெரிய சக்கரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. வேண்டாம், அவ்வளவுதான்.

சரி, இதையெல்லாம் விட எனக்கு முக்கியம் டயர். உன் பட்டியலில் அது சம்பந்தமாக ஒன்றுமே இல்லை! அந்த இரும்புத் தடுப்புக்கு வைத்திருந்த பணத்தில் 12 வோல்ட்டில் ஓடுகிற ஒரு காற்றுப் பம்ப் வாங்கு. எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும், இரண்டு பேர் போனால் ஒரு அளவு, ஆளும் சாமானும் நிறைந்தால் இன்னொரு அளவு. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடைக்காதே. காலையில் வண்டியை எடுக்கும் முன் டயர் ஆறியிருக்கும்போது பார், ஓடிவந்த சூட்டில் அளவு கூட்டித்தான் காட்டும். வண்டியை வாங்குகிற அன்றே டயரில் டி.ஓ.டி. (DOT) எழுத்துகளோடு வரும் கடைசி நான்கு எண்களையும் படி, 2324 என்றிருந்தால் 2024-இன் 23-வது வாரம் செய்த டயர். டயரில் ஓடும் பள்ளங்களின் நடுவே சின்ன மேடு இருக்கும், ரப்பர் தேய்ந்து அந்த மட்டத்துக்கு வந்தால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். அதற்கு மேல் ஓட்டாதே, மழைக்காலம் என்றால் அதற்கும் முன்னாலேயே மாற்று.

சன்ரூஃப் கேட்டு அடம்பிடித்து வாங்குகிறாய் இல்லையா, அதன் மூலைகளில் தண்ணீர் வடிகிற துளைகள் இருக்கும். மரத்தடியில் நிறுத்தினால் இலைத்தூசி அடைத்துக்கொண்டு மழைத் தண்ணீர் உள்ளே கூரைத்துணியில் இறங்கும். அவ்வப்போது திறந்து துடை, கம்பி விட்டுக் குத்தாதே, உள்ளே இருப்பது மெல்லிய குழாய்.

வண்டி எடுக்கப் போகும்போது டிக்கித் தரையைத் தூக்கி ஸ்டெப்னி முழு அளவா, ஒல்லியானதா, இல்லை வெறும் பஞ்சர் கிட்தானா என்று பார்த்து எனக்கு எழுது. ஒல்லியானது என்றால் பெரும்பாலும் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்று அதன் மேலேயே ஒட்டியிருப்பார்கள். வெறும் கிட் என்றால் பட்டியலில் முதலில் வாங்க வேண்டியது எது என்று மறுபடி பேசுவோம்.

அம்மா