நொய்டாவில் இருக்கும் மகளுக்கு

நங்கநல்லூர்
புதன்கிழமை

அன்புள்ள ராஜிக்கு,

இங்கு நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான். கூரியரில் அனுப்பிய மாவடு வந்ததா, ஜாடியிலிருந்து உப்புநீர் கசிந்ததா என்று கேட்கச் சொன்னாள். மூன்று வாரமாக அவள் எப்போது அழைத்தாலும் நீ மீட்டிங்கில் இருக்கிறாய். இருக்கட்டும், பொறுப்பு கூடினால் அப்படித்தான்.

வளையல் போனதை மாப்பிள்ளைதான் சொன்னார். பாட்டியின் அட்டிகையை அழித்துச் செய்த நான்கு வளையல். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. பால்கனிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு வை. 11ஆவது மாடிக்கு யார் ஏறி வரப் போகிறார்கள் என்று சிரிக்காதே. பக்கத்து வீட்டு ஏசி பழுதுபார்க்க வந்தவர் உன் பால்கனி விளிம்பில் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

போன மார்கழியில் அங்கே இருந்தபோது காலையில் நடந்துவிட்டு உங்கள் கேட்டில் கொஞ்ச நேரம் நிற்பேன். வேலைக்கு வரும் பெண்கள் கழுத்தில் அட்டையோடு வரிசையில் நிற்பார்கள். திரும்பும்போது பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். நீ கொடுத்த பழைய ஸ்வெட்டரோடு போன, உங்கள் வீட்டில் வேலை செய்யும் தீதியை நிறுத்தி, உனக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார்கள். கார் வந்தால் மட்டும் ஸ்டிக்கரைப் பார்த்துக் கம்பி தானாக எழும்பும். டிக்கியைத் திறந்து பார்த்த ஒருவரையும் நான் காணவில்லை. நீ கமிட்டி உறுப்பினர் என்பதால் எனக்கும் ஒரு சல்யூட் கிடைத்தது. பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

உங்கள் நொய்டாவில்தானே, 2008 மே மாதம், 25ஆம் செக்டார் ஜலவாயு விஹாரில், ஆருஷி என்ற பள்ளிச் சிறுமி தன் படுக்கையறையில் கொல்லப்பட்டுக் கிடந்தாள். வீட்டு வேலையாள் ஹேம்ராஜைக் காணோம். அவர்தான் கொன்றுவிட்டு நேபாளத்துக்கு ஓடியிருப்பார் என்றார்கள். மறுநாள் மொட்டை மாடிப் பூட்டை உடைத்தால் அவருடைய பிணம் அங்கே கிடந்தது. ஒரு நாள் முழுக்க அந்தக் கதவை யாரும் திறந்து பார்க்கவில்லை! பிறகு சிபிஐ வந்தது. 2013இல் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள், 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கொன்றது யார் என்பது இன்றுவரை தெரியாது.

டிவியில் அந்தச் செய்தி ஓடும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். தலைவலி என்று நீங்கள் நினைத்தீர்கள்.

2005இல் கீழ்வீட்டில் 18 பவுன் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருடம்தான் தனியார் காவல் நிறுவனங்களுக்கென்று சட்டம் வந்தது. காவலாளிக்கு 160 மணி நேரப் பயிற்சி தர வேண்டும் என்று பிறகு விதியும் எழுதினார்கள். நாம் பகதூருக்குக் கொடுத்தது ஒரு டார்ச், ஒரு விசில். பகதூர் என்பதுகூட நாமாக வைத்துக்கொண்ட பெயர்தான், நிஜப் பெயரை நான் கேட்டதே இல்லை. நீ டியூஷன் முடிந்து வரும்வரை அந்த டார்ச்சோடு தெருமுனையில் நிற்பாரே.

அன்றிரவு ஒரு மணிக்கு அவர் கேட்டில் இல்லை. எங்கே போனாய் என்று சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள். அவர் என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். பிறகு, "தூங்கிவிட்டேன் சாப்" என்றார்.

அனுப்பியது நான், ராஜி. சிகரெட் வாங்கிவர. மருத்துவமனையிலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இனித் தொடமாட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன். அந்த நேரத்தில் திறந்திருக்கும் கடை பழவந்தாங்கல் ஸ்டேஷன் பக்கம்தான், போய்வர முக்கால் மணி நேரம் ஆகும். கூட்டத்தில் அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவரை இரண்டு நாள் போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். வேலையை விட்டு நீக்கிய கடிதத்தில், பொருளாளர் என்று நானும் கையெழுத்துப் போட்டேன். நகையும் கிடைக்கவில்லை, திருடனும் அகப்படவில்லை. ஊரை விட்டுப் போகிற அன்று பகதூர் மாடியேறி வந்து, அம்மா குளிக்கப் போகும்வரை படியிலேயே நின்று, மீதிச் சில்லறை 14 ரூபாயை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

புகாரில் தீதியின் பெயரை எழுதியது நீயா, மாப்பிள்ளையா என்று நான் கேட்கவில்லை. ஆனால் கேமராப் பதிவு அதிக நாள் நிற்காது, பழையதன் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். மூன்று வாரம் ஆகிவிட்டது. கமிட்டியில் இருக்கிறாய் அல்லவா, அந்தச் செவ்வாய்க்கிழமையைக் காலையிலிருந்து இரவுவரை போட்டுக் காட்டச் சொல். கார்கள் வெளியேறும் பக்கத்துக் கேமராவையும் பார். அவள் எங்கே இருக்கிறாள், வீட்டுக்கு வந்துவிட்டாளா என்று விசாரி. பால்கனிக் கதவையும் பார்த்துக்கொள்.

போனில் இதையெல்லாம் சொல்ல முடியாது, அம்மா பக்கத்திலேயே இருப்பாள். அவளிடம் நீ எதையும் சொல்லிவிடாதே. நானே சொல்கிறேன், இந்த வாரம். முடியாவிட்டால் அடுத்த வாரம்.

அப்பா